தருக்கத் தீர்வு நிரல்களின் போட்டிகள்: நியாயமான ஒப்பீட்டின் வரலாறு

தருக்கத் தீர்வு நிரல்களின் போட்டிகள் என்பவை, தருக்கக் கணக்குகளைத் தாமாகவே தீர்க்கும் கணினி நிரல்களை ஒரே கணக்குத் தொகுதியில், ஒரே வகைக் கணினியில், ஒரே நேர வரம்புக்குள் இயக்கி ஒப்பிடும் ஆய்வுப் போட்டிகள் ஆகும். தேற்றங்களை நிறுவும் நிரல்களுக்கான காஸ்க் போட்டி 1996 ஆம் ஆண்டிலும், சாட் தீர்வு நிரல்களுக்கான இன்றைய தொடர் போட்டி 2002 ஆம் ஆண்டிலும் தொடங்கின. எந்த நிரல் வென்றது என்பதைவிட, வென்றது என்று துணிந்து சொல்வதற்கு என்னென்ன விதிகள் தேவைப்பட்டன என்பதே இப்போட்டிகளின் வரலாற்றில் கற்கத்தக்கது. விதிகளில் பெரும்பாலானவை முந்தைய ஒப்பீடுகளில் கண்ட ஒரு குறையைத் திருத்தப் பிறந்தவை.

தீர்வு நிரல் என்பது யாது?

ஒரு பள்ளியின் கால அட்டவணையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் மீதம் உள்ளன. தமிழ், கணக்கு, அறிவியல் ஆகிய மூன்று பாடங்களையும் அவற்றில் வைக்க வேண்டும். ஒரு வேளையில் ஒரு பாடம்தான் நடத்தலாம். "தமிழ் முதல் வேளையில்", "தமிழ் இரண்டாம் வேளையில்" என்பன போன்ற ஆறு கூற்றுகள் இங்கே கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் மெய்யாக இருக்கலாம், அல்லது பொய்யாக இருக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதேனும் ஒரு வேளை வேண்டும் என்பதற்கு மூன்று நிபந்தனைகள். ஒரே வேளையில் இரண்டு பாடங்கள் சேரக்கூடாது என்பதற்கு ஆறு நிபந்தனைகள். இந்த ஒன்பது நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறுமாறு ஆறு கூற்றுகளுக்கும் மெய், பொய் மதிப்புகளைத் தர முடியுமா? இத்தகைய கேள்வியே நிறைவுறுமைச் சிக்கல் எனப்படுகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தைக் கொண்டு சாட் சிக்கல் என்றும் வழங்குவர்.

மேற்கண்ட கணக்குக்கு விடை "முடியாது" என்பது பார்த்தவுடனே தெரியும். ஆறு கூற்றுகளுக்கு மதிப்பிடும் வழிகள் 64 மட்டுமே. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். ஆனால் கூற்றுகள் 300 ஆனால் வழிகளின் எண்ணிக்கை 2-இன் 300-ஆம் அடுக்கு; அது 91 இலக்கங்கள் கொண்ட எண். எழுதிப் பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாது. 1960 ஆம் ஆண்டில் மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம் ஆகியோரும், 1962 ஆம் ஆண்டில் டேவிஸ், லோகமன், லவ்லண்ட் ஆகியோரும் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் வழிமுறைகளை வெளியிட்டனர். பெரும்பாலான இன்றைய சாட் நிரல்கள் 1962 இன் வழிமுறையிலிருந்து கிளைத்தவையே.

1971 ஆம் ஆண்டில் ஸ்டீபன் குக், சாட் சிக்கல் என்பி-முழுமை என்னும் வகையைச் சேர்ந்தது என்று நிறுவினார். லியோனிட் லெவின் இதே கருத்தைத் தனித்து எட்டி 1973 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எல்லா நேர்வுகளிலும் விரைவாக விடை தரும் வழிமுறை எதுவும் இச்சிக்கலுக்கு இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே ஒரு நிரலுக்கு எளிதான கணக்கு மற்றொன்றுக்குக் கடினமாகலாம். எது மேலானது என்பதைத் தாளில் எழுதி நிறுவ முடியாது. ஓட்டிப் பார்த்தே சொல்ல வேண்டும். போட்டிக்கான தேவை இங்கிருந்தே எழுகிறது.

சாட் நிரல்களைத் தவிர, "எல்லா எண்களுக்கும்", "ஏதேனும் ஓர் எண்ணுக்கு" என்பன போன்ற சொற்களை உள்ளடக்கிய கூற்றுகளைக் கையாளும் நிரல்களும் உண்டு. இவை தேற்ற நிறுவிகள் எனப்படும். இவ்விரு வகை நிரல்களுக்கும் தனித்தனிப் போட்டிகள் வளர்ந்தன. ஆனால் இரண்டும் எதிர்கொண்ட கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே.

போட்டிகளுக்கு முந்தைய நிலை

1980களில் ஒரு புதிய நிரலை உருவாக்கியவர் தாம் தேர்ந்த கணக்குகளைத் தம் கணினியில் ஓட்டி, கிடைத்த நேரங்களைக் கட்டுரையில் வெளியிடுவதே பொதுவான வழக்கம். தேர்வு எழுதும் மாணவரே வினாத்தாளையும் தயாரிப்பது போன்ற நிலை அது. பொதுவான கணக்குகள் வேண்டும் என்னும் நோக்கில் பிரான்சிஸ் ஜெஃப்ரி பெல்லட்டியர் 1986 ஆம் ஆண்டில் தேற்ற நிறுவிகளைச் சோதிக்க 75 கணக்குகளின் தொகுப்பை வெளியிட்டார்.

கணக்கு ஒன்றாக இருந்தாலும் அதை எழுதும் முறை வேறுபட்டால் ஒப்பீடு கெடும் என்பதும் அக்காலத்தில் தெரியவந்தது. லென் ஷூபர்ட் 1978 ஆம் ஆண்டில் முன்வைத்த "ஸ்டீம்ரோலர்" என்னும் புதிர் இதற்கு நல்ல சான்று. ஓநாய், நரி, பறவை, கம்பளிப்புழு, நத்தை, தானியம் ஆகியவற்றில் எது எதைத் தின்னும் என்பதைப் பற்றிய புதிர் இது. உயிர்களை வகை பிரித்து எழுதினால் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். எனவே "எங்கள் நிரல் ஸ்டீம்ரோலரைத் தீர்த்தது" என்று இருவர் கூறினாலும், இருவரும் ஒரே கணக்கைத் தீர்த்ததாகப் பொருள் இல்லை.

சாட் துறையில் குறை வேறு வடிவில் இருந்தது. சமவாய்ப்பு முறையில் உருவாக்கிய கணக்குகளைக் கொண்டு பலர் நிரல்களைச் சோதித்தனர். டேவிட் மிட்செல், பார்ட் செல்மன், ஹெக்டர் லெவெஸ்க் ஆகியோர் 1992 ஆம் ஆண்டில் இக்கணக்குகளை ஆராய்ந்தனர். ஒவ்வொரு நிபந்தனையிலும் மூன்று கூற்றுகள் இருக்கும் வகையில், நிபந்தனைகளின் எண்ணிக்கை கூற்றுகளின் எண்ணிக்கையைப் போல் ஏறத்தாழ 4.3 மடங்காக இருக்கும்போது கணக்குகள் மிகக் கடினமாகின்றன என்று அவர்கள் காட்டினர். விகிதம் அதைவிடக் குறைந்தால் விடைகள் ஏராளம். மிகுந்தால் முரண்பாடு விரைவில் வெளிப்படும். ஆகவே எளிய பகுதியிலிருந்து எடுத்த கணக்குகளில் ஒரு நிரல் விரைவாக ஓடியது என்பது அதன் திறமைக்குச் சான்று ஆகாது.

பொதுக் களஞ்சியமும் பொது எழுத்துமுறையும்

தேற்ற நிறுவிகளுக்கான பொதுக் கணக்குக் களஞ்சியத்தை ஜெஃப் சட்கிளிஃப், கிறிஸ்டியன் சுட்னர் ஆகியோர் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டிபிடிபி என்னும் இக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் நிலையான பெயரும் எழுத்து வடிவமும் உண்டு. "இந்தக் கணக்கை இந்த வடிவில் தீர்த்தோம்" என்று எவரும் ஐயமறக் குறிப்பிட இது வழிசெய்தது. பின்னர் ஒவ்வொரு கணக்குக்கும் 0 முதல் 1 வரையான கடினத் தரமும் இடப்பட்டது. முன்னணி நிரல்கள் அனைத்தும் தீர்க்கும் கணக்கின் தரம் 0. எதுவுமே தீர்க்காத கணக்கின் தரம் 1.

சாட் துறையில் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் 1991-92 இல் ஒரு போட்டி நடைபெற்றது. மைக்கேல் பூரோ, ஹான்ஸ் கிளைன் பூனிங் ஆகியோர் அதன் அறிக்கையை வெளியிட்டனர். அடுத்து 1992-93 இல் அமெரிக்காவின் டிமாக்ஸ் ஆய்வு மையம் நடத்திய செயல்முறை அறைகூவலில் சாட் சிக்கலும் இடம்பெற்றது. 1996 ஆம் ஆண்டில் பெய்ஜிங்கிலும் ஒரு போட்டி நடந்தது.

டிமாக்ஸ் முயற்சியின் நிலையான பயன் அதன் எழுத்துமுறை. இதில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண். மறுப்புக்குக் கழித்தல் குறி. நிபந்தனையின் முடிவுக்குச் சுழியம். மேற்கண்ட அட்டவணையில் "தமிழ் முதல் வேளையில்" என்பதற்கு 1, "தமிழ் இரண்டாம் வேளையில்" என்பதற்கு 2 என்று எண் இட்டால், "1 2 0" என்னும் வரி தமிழுக்கு ஏதேனும் ஒரு வேளை வேண்டும் என்பதைக் குறிக்கும். "கணக்கு முதல் வேளையில்" என்பதற்கு 3 என்று இட்டால், "-1 -3 0" என்னும் வரி அவ்விரண்டும் முதல் வேளையில் சேரக்கூடாது என்பதைக் குறிக்கும். இந்த எளிய வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது. எல்லா நிரல்களும் ஒரே கோப்பைப் படிக்க முடிந்ததால், கணக்கை எழுதும் முறையில் எவருக்கும் சலுகை கிடைக்கவில்லை.

காஸ்க் போட்டி

முதல் காஸ்க் போட்டி 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், தானியங்கித் தருக்க உய்த்தறிவுக்கான கேட் மாநாட்டின் பகுதியாக நடந்தது. சட்கிளிஃப், சுட்னர் ஆகியோரே அமைப்பாளர்கள். அன்று முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் இப்போட்டியில் வடிவம் பெற்ற விதிகளை ஒரு நல்ல தேர்வுமுறையின் விதிகளோடு ஒப்பிடலாம்.

முதலாவது, வினாத்தாள் பற்றியது. எல்லோரும் தீர்க்கும் கணக்கும் எவரும் தீர்க்காத கணக்கும் போட்டியாளர்களை வேறுபடுத்திக் காட்டா. எனவே இடைப்பட்ட கடினத் தரமுள்ள கணக்குகளிலிருந்தே தேர்வு நடக்கிறது. போட்டிக்கு முன் வெளியிடப்படாத புதிய கணக்குகளும் சேர்க்கப்படுகின்றன.

இரண்டாவது, மனப்பாடம் பற்றியது. களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஒரு கணக்கை அடையாளம் கண்டு முன்பே அறிந்த விடையைத் தரும் நிரலை எழுதிவிட முடியும். இதைத் தடுக்க, தனித்தனிக் கணக்குகளைப் பற்றிய செய்திகளை நிரலில் சேமிப்பது விலக்கப்பட்டது. கணக்குகளில் வரும் குறியீடுகளின் பெயரை மாற்றுவதும் வரிகளின் வரிசையைக் கலைப்பதும் கைக்கொள்ளப்பட்டன.

மூன்றாவது, பொய் விடை பற்றியது. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் "நிறுவிவிட்டேன்" என்று அறிவிக்கும் நிரல், தேற்றங்கள் மட்டுமே உள்ள போட்டியில் முழு மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே போட்டிக்கு முன் தேற்றம் அல்லாத கூற்றுகளையும் கொடுத்து நிரல்கள் சோதிக்கப்படுகின்றன. பொய்யை நிறுவியதாகச் சொல்லும் நிரலுக்கு இடம் இல்லை.

நான்காவது, நடுநிலை பற்றியது. போட்டியில் பங்கேற்காத ஆய்வாளர் குழு ஒன்று ஐயங்களுக்குத் தீர்ப்பு வழங்குகிறது. மேலும், முந்தைய ஆண்டு வென்ற நிரல் மாற்றமின்றி மறுபடியும் ஓட்டப்படுகிறது. ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் மெக்கூன் உருவாக்கிய ஆட்டர் நிரலும் பல ஆண்டுகள் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டு வந்தது. இவ்வாறு நிலையான ஒரு நிரல் இருந்தால்தான், இவ்வாண்டு வென்றவர் சென்ற ஆண்டினரைவிட முன்னேறினாரா, அல்லது கணக்குகள்தான் எளிதாகிவிட்டனவா என்று பிரித்தறிய முடியும்.

2002 ஆம் ஆண்டின் சாட் போட்டி

1990களின் பிற்பகுதியில் சாட் நிரல்களுக்குத் தொழில்துறையில் தேவை பெருகியது. 1994 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலியில் வகுத்தல் பிழை ஒன்று வெளிப்பட்டது. அதற்கு அந்நிறுவனம் 47.5 கோடி டாலர் செலவை ஏற்க நேர்ந்தது. வடிவமைப்பில் பிழை இல்லை என்பதைத் தயாரிப்புக்கு முன்பே தருக்க முறையில் சரிபார்ப்பதன் அருமையை அந்நிகழ்வு உணர்த்தியது. 1999 ஆம் ஆண்டில் ஆர்மின் பியெரே, அலெசாண்ட்ரோ சிமட்டி, எட்மண்ட் கிளார்க், யுன்ஷான் ஜூ ஆகியோர் மின்சுற்றுச் சரிபார்ப்பைச் சாட் கணக்காக மாற்றும் முறையை வெளியிட்டனர்.

நிரல்களும் அக்காலத்தில் பெரிதும் மாறின. 1996 ஆம் ஆண்டில் வெளியான கிராஸ்ப் நிரல், தேடலில் முட்டுச்சந்து நேரும்போது அதன் காரணத்தைப் புதிய நிபந்தனையாகக் கற்றுக்கொண்டது. 2001 ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான சாஃப் நிரல், அதே முறையைப் பன்மடங்கு விரைவாகச் செய்தது.

இச்சூழலில் லாரன் சிமோன், டேனியல் லெ பெர், எட்வர்ட் ஹிர்ஷ் ஆகியோர் 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த சாட் மாநாட்டையொட்டிப் போட்டியை நடத்தினர். கணக்குகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன: தொழில்துறையிலிருந்து வந்தவை, ஆய்வாளர்கள் கையால் வடித்தவை, சமவாய்ப்பு முறையில் உருவாக்கியவை. சாஃப் நிரலின் வழிவந்த இசட்-சாஃப் தொழில்துறைப் பிரிவில் முன்னணியில் நின்றது.

பிரிவுகள் வகுத்ததே ஒரு நியாய விதி எனலாம். அட்டவணைக் கணக்கையே பெரிதாக்கி, 21 பாடங்களை 20 வேளைகளில் வைக்க முடியுமா என்று கேட்டால், பள்ளிச் சிறுவரும் முடியாது என்பர். ஆனால் சாட் நிரல்கள் பெரும்பாலும் கையாளும் நிறுவல் முறையில், இத்தகைய கணக்குக்கான நிறுவலின் நீளம் அடுக்குக்குறி வேகத்தில் பெருகும் என்று ஆர்மின் ஹாக்கன் 1985 ஆம் ஆண்டில் நிறுவியிருந்தார். இத்தகைய கணக்குகளையும் மின்சுற்றுக் கணக்குகளையும் ஒரே பட்டியலில் கூட்டினால், ஓட்டப் பந்தயத்தையும் நீச்சலையும் ஒன்றாகக் கூட்டியது போலாகும்.

நேரத்தை அளத்தல்

நேரத்தை அளப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரு நிரல் தன்னுள் பல துணை நிரல்களைத் தொடங்கினால், அவற்றின் நேரத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதற்கென ஒலிவியே ருசெல் உருவாக்கிய ரன்சால்வர் என்னும் கருவி பல போட்டிகளில் பயன்பட்டது. ஒற்றைச் செயலியில் ஓடும் நிரலுக்குச் செயலி உழைத்த நேரம் பொருத்தமான அளவு. பல செயலிகளில் ஒருங்கே ஓடும் நிரல்களுக்குக் கடிகார நேரமே அளவாகிறது. எனவே அவற்றுக்குத் தனிப் பிரிவு அமைந்தது. எல்லா நிரல்களையும் ஒரே வகைக் கணினிகளில் ஓட்ட, அயோவா பல்கலைக்கழகத்தில் அமைந்த ஸ்டார்எக்செக் என்னும் பொதுக் கணினித் தொகுதி பின்னாளில் உதவியது.

மதிப்பெண் இடும் முறை

கணக்கும் கணினியும் நேரமும் ஒன்றாக இருந்தாலும், மதிப்பெண் இடும் முறை மாறினால் வெற்றியாளர் மாறலாம். எளிய கற்பனை எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். நேர வரம்பு 5000 நொடி. முதல் நிரல் மூன்று கணக்குகளில் இரண்டை ஒவ்வொன்றும் 10 நொடியில் தீர்க்கிறது, மூன்றாவதைத் தீர்க்கவில்லை. இரண்டாம் நிரல் மூன்றையும் ஒவ்வொன்றும் 4000 நொடியில் தீர்க்கிறது.

தீர்த்த கணக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாம் நிரலே வெல்லும். பார்-2 என்னும் முறையில் தீர்க்காத கணக்குக்கு நேர வரம்பின் இருமடங்கு தண்டமாகச் சேரும். அதன்படி முதல் நிரலின் மொத்தம் 10,020 நொடி. இரண்டாம் நிரலின் மொத்தம் 12,000 நொடி. இப்போது முதல் நிரல் வெல்லும். இரண்டு முறைகளிலும் தவறு இல்லை. விடை கிடைத்தால் போதும் என்பவருக்கு முதல் முறையும், காத்திருக்கும் நேரத்தைப் பொருட்படுத்துபவருக்கு இரண்டாம் முறையும் பொருந்தும். ஆகவே எந்த முறை என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிடுவதே நியாயம்.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கணக்குகள் பல இருந்தால் அக்குடும்பத்தில் வல்ல நிரல் மிகையான பயன் பெறும். இதைத் தவிர்க்க 2002 ஆம் ஆண்டுப் போட்டியில் தனிக் கணக்குகளோடு கணக்கு வரிசைகளும் எண்ணப்பட்டன. 2007 ஆம் ஆண்டில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பணமுடிப்பு இருப்பதாகக் கொண்டு, அதைத் தீர்த்த நிரல்களிடையே பங்கிடும் முறை பின்பற்றப்பட்டது. சிலரே தீர்க்கும் கணக்குக்கு இதில் மதிப்பு அதிகம். ஆனால் ஒரு நிரலின் மதிப்பெண் மற்ற நிரல்களின் வரவைப் பொறுத்து மாறியது. பிற்காலப் போட்டிகள் எளிய முறைகளுக்குத் திரும்பின. பார்-2 அவற்றுள் ஒன்று.

தற்செயலின் பங்கு

கணக்கின் வரிகளைக் கலைத்து, கூற்றுகளுக்கு வேறு எண் இட்டால் கணக்கு தருக்க முறையில் மாறாது. ஆயினும் நிரல் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதும் மாறலாம். எனவே ஒரு கணக்கில் ஒரு முறை ஓட்டிக் கிடைத்த வெற்றியில் தற்செயலுக்கும் பங்குண்டு. சிறு வேறுபாடுகளைக் கொண்டு முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிப்பதற்கு முன் புள்ளியியல் முறையில் சோதிக்க வேண்டும் என்று மிலாதென் நிகோலிச் 2010 ஆம் ஆண்டில் வலியுறுத்தினார்.

கலைத்துக் கொடுப்பதா, உள்ளபடியே கொடுப்பதா என்பதிலும் இரு பக்க நியாயங்கள் உள்ளன. கலைத்தால் மனப்பாடம் தடைபடும். ஆனால் தொழில்துறைக் கணக்கில் கூற்றுகளின் வரிசையே மின்சுற்றின் அமைப்பைக் காட்டும் செய்தியாகும். அதைப் பயன்படுத்துவதும் நிரலின் திறமையே என்பது மறுதரப்பு வாதம்.

வெற்றி யாருக்கு உரியது?

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாட்ஸில்லா என்னும் நிரல் 2007 ஆம் ஆண்டில் பல பிரிவுகளில் முதலிடம் பெற்றது. கணக்கின் தன்மையை அளந்து, ஏற்கனவே உள்ள நிரல்களுள் அதற்கு ஏற்றதைத் தேர்ந்து ஓட்டுவதே அதன் உத்தி. பயனாளருக்கு இது மிக நன்று. ஆனால் பதக்கம் தேர்ந்தெடுத்தவருக்கா, உள்ளே ஓடிய நிரலை எழுதியவருக்கா என்னும் கேள்வி எழுந்தது. இத்தகைய கூட்டு நிரல்களுக்குப் பிற்காலப் போட்டிகள் முதன்மைப் பிரிவில் வரம்பு விதித்தன. சாட்ஸில்லா குழுவினரே 2012 ஆம் ஆண்டில், ஓர் உறுப்பு நிரலை நீக்கினால் கூட்டு நிரலின் திறன் எவ்வளவு குறையும் என்று அளந்து ஒவ்வொன்றின் பங்கையும் மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். இந்த அளவுகோலில், தனித்து ஓடும்போது பின்தங்கும் நிரலும், பிறர் தீர்க்காத கணக்குகளைத் தீர்ப்பதால் மதிப்புப் பெறும்.

"முடியாது" என்னும் விடை

சாட் நிரலின் இரு விடைகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. "முடியும்" என்று சொல்லும் நிரல் கூற்றுகளின் மதிப்புகளையும் தருகிறது. கொடுத்த அட்டவணையை ஆசிரியர் ஒரு முறை பார்த்துச் சரிபார்ப்பதுபோல, அவ்விடையை நொடிப்பொழுதில் சரிபார்க்கலாம். "முடியாது" என்னும் விடைக்கு அத்தகைய சான்று இல்லை. செயலியில் பிழைக்கு வழியே இல்லை என்று பொறியாளர் அறிவது பெரும்பாலும் இந்த "முடியாது" என்னும் விடையால்தான். அது தவறினால் பிழையுள்ள செயலி சரியானது என்று சந்தைக்குப் போய்விடும்.

தொடக்கத்தில் பிற நிரல்களின் விடையோடு முரண்பட்டால் மட்டுமே தவறு வெளிப்பட்டது. ஒரே நிரல் மட்டும் "முடியாது" என்று சொன்ன கணக்கில், அதாவது அந்நிரலின் தனித்திறன் வெளிப்பட்ட இடத்தில், சரிபார்க்க வழி இல்லை. 2010 ஆம் ஆண்டில் லின்ஸ் நகர ஆய்வாளர்களான ராபர்ட் புரும்மாயர், ஃப்ளோரியன் லான்சிங், ஆர்மின் பியெரே ஆகியோர் சமவாய்ப்பு முறையில் ஏராளமான சிறு கணக்குகளை உருவாக்கி, போட்டிகளில் கலந்துகொண்ட நிரல்களைச் சோதித்தனர். அவற்றுள் சிலவற்றில் பிழைகள் வெளிப்பட்டன.

2003 ஆம் ஆண்டிலேயே யெவ்கெனி கோல்ட்பெர்க், யாகோவ் நோவிகோவ் ஆகியோர், நிரல் கற்றுக்கொண்ட நிபந்தனைகளை வரிசையாக எழுதிவைத்து, தனியொரு நிரலால் அவற்றைச் சரிபார்க்கலாம் என்று காட்டியிருந்தனர். இவ்வழியில் மரிஜ்ன் ஹூலே, வாரன் ஹன்ட், நேதன் வெட்ஸ்லர் ஆகியோர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நிறுவல் வடிவங்கள் 2013, 2014 ஆம் ஆண்டுப் போட்டிகளில் பயன்பட்டன. "முடியாது" என்னும் நிரல் தன் நிறுவலையும் ஒப்படைக்க வேண்டும். சரிபார்க்கும் நிரல் ஏற்றால்தான் மதிப்பெண். விடையை மட்டும் எழுதினால் போதாது, செய்முறையும் வேண்டும் என்னும் பள்ளித் தேர்வு விதி இங்கும் வந்து சேர்ந்தது.

இவ்விதியின் பயன் போட்டியோடு நிற்கவில்லை. 2016 ஆம் ஆண்டில் ஹூலே, ஒலிவர் குல்மன், விக்டர் மாரெக் ஆகியோர் பித்தகோரசு மும்மைகள் பற்றிய கேள்விக்குச் சாட் நிரலால் விடை கண்டனர். 1 முதல் 7824 வரையான எண்களுக்கு இரு நிறங்களில் ஒன்றை இட்டு, எந்தப் பித்தகோரசு மும்மையும் ஒரே நிறத்தில் அமையாதவாறு செய்யலாம்; 7825 வரை சென்றால் அது இயலாது. அந்த "இயலாது" என்பதற்கான நிறுவல் ஏறத்தாழ 200 டெராபைட் அளவுடையது. மனிதர் எவரும் படிக்க முடியாத நிறுவலைச் சரிபார்க்கும் நிரல் படித்து ஏற்றது. சரிபார்க்கும் நிரலும் பிழையற்றது என்பதைத் தருக்க முறையில் நிறுவும் பணியும் பல குழுக்களால் மேற்கொள்ளப்பட்டது.

போட்டிகள் பற்றிய விமர்சனம்

ஜான் ஹூக்கர் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் போட்டி முறையையே கேள்விக்கு உட்படுத்தினார். பந்தயம் எது விரைவானது என்று சொல்லும். ஏன் விரைவானது என்று சொல்லாது. வெற்றிக்குக் காரணம் நல்ல கருத்தா, நன்கு எழுதப்பட்ட நிரலா என்பதும் தெரியாது. ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் செய்யும் ஆய்வகச் சோதனையே அறிவைத் தரும் என்பது அவர் கருத்து.

இவ்விமர்சனத்துக்குப் போட்டிகளின் உள்ளிருந்தே ஓரளவு விடை கிடைத்தது. ஸ்வீடனில் நிக்லாஸ் ஈயென், நிக்லாஸ் சோரன்சன் ஆகியோர் எழுதிய மினிசாட் என்னும் நிரல் சிறியது. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு பலர் தம் கருத்துகளைச் சோதித்தனர். 2009 ஆம் ஆண்டுப் போட்டியில் மினிசாட் நிரலில் சிறு மாற்றம் மட்டுமே செய்து கலந்துகொள்ளும் தனிப் பிரிவு தொடங்கியது. மற்றவை அனைத்தும் ஒன்றாக இருப்பதால், வேறுபாட்டுக்குக் காரணம் அந்த மாற்றமே என்று அங்கே சொல்ல முடிந்தது. மூலநிரலை வெளியிட வேண்டும் என்னும் விதி, ஓராண்டு வென்றவரின் நுணுக்கத்தை மறு ஆண்டு எல்லோரும் கற்க வழிசெய்தது. 2017 ஆம் ஆண்டு முதல் பங்கேற்போர் புதிய கணக்குகளையும் கொண்டுவர வேண்டும் என்னும் விதி, பழைய கணக்குகளுக்கு மட்டும் பழகிய நிரல்கள் உருவாவதைக் குறைத்தது.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் வளர்ந்த விதிகளைத் தொகுத்தால் அவை எந்த ஒப்பீட்டுக்கும் பொருந்தும். கணக்கைத் தேர்ந்தெடுப்பவர் போட்டியாளராக இருக்கக் கூடாது. அளக்கும் முறை முன்பே அறிவிக்கப்பட வேண்டும். மனப்பாடத்துக்கும் தற்செயலுக்கும் கிடைத்த வெற்றியைத் திறமையின் வெற்றியிலிருந்து பிரித்தறிய வேண்டும். பிறர் சரிபார்க்க முடியாத விடைக்கு மதிப்பெண் இல்லை.

இவற்றுள் கடைசி விதியே நிலைத்த பயன் தந்தது எனலாம். ஓராண்டின் முதலிடம் சில ஆண்டுகளில் மறக்கப்படும். நேர அளவுகளும் புதிய கணினிகள் வந்தவுடன் பழையனவாகும். சரிபார்க்கப்பட்ட நிறுவலுக்கு அந்நிலை இல்லை; எந்தக் கணினியில், எந்த ஆண்டில், எவர் ஓட்டினாலும் அது அதே விடையை உறுதி செய்யும். எவர் விரைவானவர் என்று அறியத் தொடங்கிய போட்டிகள், இறுதியில் இயந்திரத்தின் சொல்லை எப்போது நம்பலாம் என்பதற்கான விதியை வகுத்துத் தந்துள்ளன.